வலப்பக்கத்துப் பால்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேருவார்கள். செருப்பைக் கழற்றி, கை கழுவி, மூக்கு தகப்பனுடையது, நெற்றி தாயுடையது என்று பாகப்பிரிவினை செய்து முடித்த பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "பால் காணுமோ?" என்று கேட்பார்கள். என்னிடம் அல்ல, என் அம்மாவிடம். கட்டிலில் சாய்ந்திருக்கும் நான் அவர்களுடைய கண்ணில் படுவதில்லை. "ஓம், அதுக்கு ஒரு குறையுமில்லை" என்று அம்மா எனக்காகப் பதில் சொல்லுவார். வீட்டில் கறவைப் பசு ஒன்று நின்றாலும் இப்படித்தான் விசாரிப்பார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி வீடு. பக்கத்திலேயே ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பிரசவத்துக்கு முன்னமே அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். அவர் கொண்டுவந்த பையைத் திறந்தபோது, பிள்ளை பெற்றவளுக்கென்று இடித்த சரக்குத்தூள் வீடு முழுவதும் மணந்தது. அதற்குப் பிறகு என் சாப்பாடு என் கையில் இல்லை. காலையில் மல்லித் தண்ணீர், மத்தியானம் உள்ளி போட்ட சரக்குக் கறி, அதோடு பால்சுறா வறை. சுறா தின்றால் பால் ஊறும். சந்தையில் சுறா கிடைக்காத நாளில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் முடியும்வரை துடக்கு என்கிற தீட்டு. அதுவரை பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது. பிள்ளையை டொக்டரிடம் காட்டப் போவதென்றால் மட்டும் தாண்டலாம். இதை ஒரு சட்டமாக யாரும் சொல்லவில்லை, ஆனால் எங்கள் வீடுகளில் அது சட்டம். எனக்கும் அதில் பெரிய மறுப்பு இருக்கவில்லை. வெளியே போய் என்ன செய்யப் போகிறேன், படுத்துக் கிடப்போம் என்றிருந்தேன்.

வலப்பக்கக் காம்பில் சின்ன வெடிப்பு ஒன்று வந்தது. மகள் அந்தப் பக்கம் வாய் வைக்கும்போதெல்லாம் கண்ணாடித் துண்டால் கீறியது போல இருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இடப்பக்கத்தை மட்டும் கொடுப்பது, வலப்பக்கத்துக்கு ஓய்வு கொடுப்பது. ஓய்வு கொடுத்த பக்கம் கல்லாகிவிட்டது. வெளிப்புறமாக ஓரிடம் சிவந்து, தொட்டால் கை சுடும் அளவுக்குக் கொதித்தது. அம்மா தொட்டுப் பார்த்தார்.

"பால் கட்டியிருக்கு. வேறையொண்டுமில்லை. ஒத்தணம் குடுத்தாச் சரி."

சுடுதண்ணீர் ஒத்தணம் கொடுத்தார். பிறகு நல்லெண்ணெய் பூசி, ரொட்டிக்கு மா பிசைகிற கையால் அழுத்தி உருவினார். நான் கத்திய கத்தில் கீழ்மாடிக்காரர்கள் ஏதாவது நினைத்திருப்பார்கள். அதற்கும் கரையவில்லை என்றதும் கோயிலடியில் மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி, துணியில் பரப்பி, வலப்பக்கத்தில் வைத்துக் கட்டினார். மல்லிகை வைத்தால் பால் சுண்டுமாம். ஆக, சமையலறையில் பால் ஊறுவதற்குச் சுறா அவிந்துகொண்டிருந்தது, அறைக்குள் பால் சுண்டுவதற்கு மல்லிகை வாடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே உடம்புக்குத்தான் என்று நான் சொன்னேன். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பகிடி" என்றார் அம்மா.

பிறகு காய்ச்சல் வந்தது. உடம்பு நடுங்கி, பல் கிட்டி, இரண்டு போர்வைக்குள்ளும் குளிர்ந்தது. அம்மா அதற்கும் பெயர் வைத்திருந்தார். பால் காய்ச்சல். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் வருமாம், தானாகப் போகுமாம். பனடோல் போட்டதும் காய்ச்சல் இறங்கும், நான் எழும்பி உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி ஏறும். என் கணவர் வேலைக்குப் போகும்முன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"உமக்கு நல்லாச் சுடுது. டொக்டரிட்டைப் போவமே?"

"முப்பத்தொண்டு முடியட்டும்" என்றேன். அம்மா சொல்லவில்லை, நானே சொன்னேன்.

உண்மையில் முப்பத்தொன்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. டொக்டரிடம் போனால் காட்ட வேண்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. அந்த நாட்களில் அந்த மார்பு ஒன்றும் மறைவான பொருள் அல்ல. வருகிற மாமிமார் எல்லோருக்கும் முன்னால் திறந்திருந்தது. பால் வருகிறதா, காணுமா, பிள்ளை சரியாகப் பிடிக்கிறாளா என்று ஊரே குனிந்து பார்த்தது. பாலைப் பற்றி எவரும் கதைக்கலாம். நோவைப் பற்றி மட்டும் கதைத்தால் உடனே அது வெட்கமான இடமாகிவிடும். என் கணவர் லேடி டொக்டராகத் தேடிப் பார்த்தார். பெண் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்கு அடுத்த கிழமைதான் சனல் பண்ணி நேரம் எடுக்கலாம் என்றார்கள். அடுத்த கிழமையே போவோம் என்று நான் நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

இதற்கிடையில் பிள்ளை ஓயாமல் அழுதாள். இடப்பக்கம் மட்டும் அவளுக்குக் காணவில்லை, வயிறு நிறையவில்லை. வீட்டில் யாருக்கும் அது படவில்லை. பிள்ளைக்கு வயிற்று வலி, பிள்ளைக்குக் கண்ணூறு, பிள்ளைக்குச் சளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவளை மட்டும் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். சொட்டு மருந்தோடு திரும்பி வந்தாள். மறுபடி அழுதாள். மறுபடி ஓட்டோ பிடித்துப் போனார்கள். காய்ச்சல்காரி நான் வீட்டில் கிடக்க, பசியைத் தவிர வேறு வருத்தம் இல்லாத பிள்ளைக்கு மருத்துவம் நடந்தது. எங்கள் ஆட்களால் மட்டுமே இப்படி ஒரு பிழையை இவ்வளவு அக்கறையோடு செய்ய முடியும்.

அடுத்த முறை தாயும் வரவேண்டும் என்று பிள்ளையைப் பார்த்த டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தமிழ் ஆள், நடுத்தர வயதுப் பெண்மணி. பிள்ளைக்காகத்தானே, அம்மாவும் மறுக்கவில்லை, மூவருமாகப் போனோம். பிள்ளையைத் தராசில் கிடத்தி, முன்பு குறித்த நிறையோடு பார்த்தார். கூடவில்லை.

"இதிலை வைச்சு ஒருக்கால் பால் குடுங்கோ, பாப்பம்."

இடப்பக்கம் கொடுத்தேன்.

"மற்றப் பக்கம்?"

நான் வாய் திறக்கும்முன் அம்மா சொன்னார். "அதிலை கொஞ்சம் பால் கட்டியிருக்கு, டொக்டர். பால் காய்ச்சல்தான்."

டொக்டர் எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே, "நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ அம்மா, நான் இவவிட்டைக் கேக்கிறன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு நாளா உங்களுக்கு ஏலாமல் கிடக்கு?" என்று கேட்டார்.

பிள்ளை பிறந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது என்று தோன்றியது. கணவர் கேட்டிருந்தார், அது நியாயமில்லாத நினைப்புத்தான். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் வலப்பக்கத்தைப் பார்த்தார். சிவந்த இடத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தினார். கல்லாக இருந்த இடத்தின் நடுவில் இப்போது ஒரு மெத்தென்ற பள்ளம் இருந்தது. கட்டி இளகுகிறது, நல்லதுதான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

"இது இனிப் பால்கட்டு இல்லை. உள்ளுக்குச் சீழ் பிடிச்சிட்டுது. இண்டைக்கே சேர்ஜனைப் பாக்கவேணும்."

"லேடி டொக்டருக்கு அடுத்த கிழமை..." என்று நான் இழுத்தேன்.

"அடுத்த கிழமை வரைக்கும் இது உங்களுக்காகப் பாத்துக்கொண்டிராது" என்றார்.

அன்று பின்னேரம் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் தலை நரைத்த ஒரு சிங்களவர். என்னுடன் ஆங்கிலத்திலும், தாதியுடன் சிங்களத்திலும் கதைத்தார். அம்மாவைப் பார்த்தபோது மட்டும் அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களை எடுத்து நீட்டினார். அம்மா தன் சேலைத் தலைப்பை விரித்து எனக்கும் கதவுக்கும் நடுவே திரை போலப் பிடித்துக்கொண்டு நின்றார். திரைக்கு உள்ளே டொக்டர் இருந்தார், வெளியே யாரும் இல்லை. நோவுக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் ஸ்கேன். குளிர்ந்த களிம்பைப் பூசி அந்தக் கருவியை வைத்தபோது ஸ்கேன் திரையில் ஒரு கறுப்புக் குளம் தெரிந்தது. டொக்டர் விரலால் அதைச் சுற்றிக் காட்டினார். பிறகு ஒரு தாளை எடுத்து, கிளைவிட்ட மரம் ஒன்றை வரைந்து விளங்கப்படுத்தினார். பால் வருகிற குழாய்கள் பல. ஒரு பகுதியில் பால் வெளியேறாமல் தேங்கினால் அந்த இடம் வீங்கும், காய்ச்சலும் வரலாம். அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் பெரும்பாலும் அதோடு போயிருக்கும். நான் கொடுப்பதை நிறுத்தினேன். காம்பில் இருந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போனது. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஓர் அறைக்குள் பூட்டியது. அந்த அறைக்குள் இருப்பதுதான் சீழ். மருந்துக் குளிசை மட்டும் போட்டால் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே சரியாகப் போகாது. சீழை வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஊசியால் எடுத்துப் பார்ப்போம், திரும்பச் சேர்ந்தால் திரும்ப எடுப்போம், அதற்கும் அடங்காவிட்டால் கீறி விடுவோம் என்றார்.

சூட்டு ஒத்தணமும் அழுத்தி உருவியதும் வீக்கத்தைக் கூட்டித்தான் இருக்கும் என்றும் சொன்னார். குளிர்ந்த துணி வைக்கலாம், உருவவே கூடாது. இதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் முகம் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தது.

நோவு தெரியாமல் விறைப்பதற்கு ஒரு ஊசி போட்டார்கள். பிறகு ஸ்கேனைப் பார்த்தபடியே பெரிய ஊசியை உள்ளே விட்டு இழுத்தார். சிரிஞ்சுக்குள் மஞ்சளும் பச்சையுமாகக் கூழ் ஏறியது. ஒன்று நிறைந்து, இன்னொன்று மாற்றினார்கள். நோவு குறையக் குறையத்தான் அது எவ்வளவு பெரிய நோவு என்பது எனக்கே தெரிந்தது. அதற்குப் பழகிப்போயிருந்தேன். ஒரு பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குளிசையும் தந்தார்கள். பால் கொடுக்கிறவர்களும் எடுக்கக்கூடிய குளிசைதான், காய்ச்சல் நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக்கூடாது என்று தாதி இரண்டு மூன்று தரம் சொன்னார்.

எழும்பும்போது டொக்டர் சொன்னார், இந்தப் பக்கமும் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். பிள்ளை குடிப்பதுதான் மிச்ச மருந்து. கொடுக்க முடியாத அளவுக்கு நொந்தால் கையாலாவது கறந்து எடுக்கவேண்டும், தேங்க விட்டால் மறுபடி இதே கதைதான். யாரும் குடிக்காமலும் எடுக்காமலும் விட்டால் அந்தப் பக்கம் மெல்ல வற்றிப்போகும்.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

சொன்னேன்.

"இந்தப் பாலையோ?" என்று அவர் சிரிஞ்சைக் காட்டினார். "சீழ் கலந்த பாலைப் பச்சைப் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுறாரோ? வடிவாக் கேள், பிள்ளை."

கேட்டேன். பாலும் சீழும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன, பாலால் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, பால் நல்லம். பேபிக்கு குடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். அம்மா மரியாதையாகத் தலையாட்டினார். லிப்டுக்குள் வந்ததும், "அந்த மனிசனுக்கு அஞ்சு சொல்லுத்தான் தமிழ் தெரியும். அதிலை ஒண்டை எடுத்து விட்டிட்டார்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அம்மாவுக்கு. நான் பிள்ளையை வலப்பக்கம் சாய்த்தாலே அம்மா வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். "என்ரை உயிர் இருக்கும்வரைக்கும் விடமாட்டன்" என்றார். டொக்டர் சொன்னதை எத்தனை விதமாகச் சொன்னாலும், "நீ உனக்கு வேண்டிய மாதிரி மொழிபெயர்க்கிறாய்" என்பார். கணவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி இருவரிடமும் ஏச்சு வாங்கினார். பிள்ளைக்குப் பால்மா கரைத்தோம். அதைக் குடித்துவிட்டு அவள் கக்கினாள்.

வெளியில் நான் விடாமல் வாதாடினேன். உள்ளே எனக்கும் நம்பிக்கை இல்லை. ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குக் கசியாது என்று எப்படித் தெரியும்? எங்கள் மேல்மாடிக்காரர் குளித்தால் எங்கள் சுவர் நனைகிறது. கரைசல், வடிகட்டல் எல்லாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவள் நான். என் உடம்பு என்று வந்தவுடன் எல்லாம் மறந்துபோனது. அந்தப் பக்கம் வற்றிவிட்டால் பிள்ளைக்கு அரை வயிறுதான் என்று பயம். கொடுத்தால் நானே அவளுக்கு நஞ்சு ஊட்டியதாகிவிடுமோ என்றும் பயம். அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு போகும்போது எனக்குக் கோபத்தோடு ஒரு சின்ன ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதல்தான் எனக்கு மிகவும் வலித்தது.

மறுபடி சீழ் சேர்ந்து, மறுபடி போய் ஊசியால் எடுத்தோம். இந்த முறை கொஞ்சம்தான். அம்மா திரை பிடிக்கவில்லை, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புக் குளம் சுருங்கியிருந்தது. ஆனால் வலப்பக்கத்தில் நான் கறக்கும் பாலும் குறைந்திருந்தது. டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, பிள்ளையைக் குடிக்க விடுங்கள், பிந்தினால் இந்தப் பக்கத்தை நீங்கள் மறக்கவேண்டி வரும் என்றார். அதை நான் அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் ஒரு எவர்சில்வர் பேணிக்குள் வலப்பக்கத்தைக் கறந்தேன். பேணியின் அடி மறையும் அளவுக்குத்தான் வந்தது. தாய்ப்பாலைத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது, கால்படும் இடத்தில் சிந்தக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் நாள்தோறும் பேணியை எடுத்துக்கொண்டு போய், பல்கனிச் சாடியில் நின்ற செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு வருவார். அன்றும் வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனியவில்லை. கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேணியை உயர்த்தி, அண்ணாந்து, முழுவதையும் வாய்க்குள் விட்டார்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "உப்புக் கரிக்குது" என்றார். "வேறை ஒண்டும் தெரியேல்லை."

"உங்களுக்கென்ன விசரோ?"

"அவர் சொன்னதும் எனக்கு விளங்கேல்லை, நீ சொன்னதும் விளங்கேல்லை. எனக்கு விளங்கின மாதிரித்தானே நான் பாக்கவேணும். பின்னேரம் வரைக்கும் எனக்கு ஒண்டும் செய்யாட்டிப் பிள்ளைக்குக் குடு."

"செய்தா?"

"செய்தா எனக்குத்தானே செய்யும்."

வளர்ந்தவர்களின் வயிறும் குழந்தையின் வயிறும் ஒன்றல்ல என்று நினைத்தபடி பேணியை வாங்கிக் கழுவி வைத்தேன். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு எனக்குச் சமைத்தார். எனக்குப் போட்டுத் தந்தார். தான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சோத்தைத் திண்டிட்டு வயித்துக்குள்ளை ஏதும் செய்தா, எதாலை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். பரிசோதனையை மாணவர்களுக்கு நான் இதைவிட நன்றாக விளங்கப்படுத்தியதில்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாமாம். தண்ணீர் மட்டும் குடித்தார். பிறகு சோபாவில் நேரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலக் காத்திருந்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வியர்த்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். எழும்பி நடந்தால் பின்னாலேயே போனேன்.

வெயில் சரிந்து, கடற்கரைப் புகையிரதம் நெரிசலோடு போகத் தொடங்கிய நேரத்தில் பிள்ளை பசித்து எழும்பினாள். அம்மா அவளைத் தூக்கி, துடைத்து, துணி மாற்றி, என்னிடம் கொண்டுவந்தார். தானே குனிந்து வலப்பக்கம் சாய்த்து வைத்தார்.

பிள்ளை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு வாயை எடுத்தாள். முகம் முழுவதும் சுருங்கியது. உப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்னடி முகம் சுளிக்கிறாய்?" என்றார் அம்மா. "அம்மம்மா குடிச்சனான். உனக்கென்ன வந்தது? குடி."

பிள்ளை மறுபடி வாயைத் திறந்தாள். முதல் இழுவையில் எனக்கு உயிர் போய் வந்தது. நான் விம்மினேன். அம்மா என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அந்த வயிறு என் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது.